விமானம் பறக்கும், பங்கு பறக்குமா?

பங்குச்சந்தைப் பக்கம் புதிதாக எட்டிப் பார்க்கிற எவருக்கும் இந்த யோசனை ஒரு தடவையாவது காதில் விழுந்திருக்கும். "உலகம் பூராவும் ஜனங்க பறக்க ஆரம்பிச்சுட்டாங்க. இன்னும் இருபது வருஷத்துல பயணிகள் எண்ணிக்கை ரெண்டு மடங்காகும். ஏதாவது ஒரு ஏர்லைன்ஸ் பங்கை வாங்கிப் போட்டுட்டு மறந்துடு." முதல் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிற பையனிடம் இதைச் சொன்னால் அவன் வாங்கத்தான் செய்வான். விமான நிலையத்தில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவனுக்கு சந்தேகம் வருமா என்ன?

இதற்கு நேர் எதிராக இன்னொரு கோஷ்டி. "ஐரோப்பாவுல கார்பன் கட்டணம், எரிபொருள் சட்டம், கிரேட்டா துன்பெர்க்... விமானத் தொழிலுக்கே சங்கு ஊதியாச்சு, வித்துட்டு ஓடு" என்பது இவர்கள் பாட்டு.

இரண்டுமே தப்புக் கணக்கு. எந்த அரசாங்கமும் விமானங்களைத் தரையில் உட்கார வைத்துவிடப் போவதில்லை, அதனால் இரண்டாவது கோஷ்டியின் பயம் வீண். ஆனால் விமானம் பறந்துகொண்டே இருந்தால் பங்கு வைத்திருப்பவனுக்குப் பணம் வந்துகொண்டே இருக்கும் என்று முதல் கோஷ்டி சொல்கிறதே, அதுதான் பெரிய ஏமாற்று. சுற்றுச்சூழல் சட்டங்கள் படிப்படியாக இறுகப் போகிற அடுத்த இருபத்தைந்து வருடத்தில் அந்த ஏமாற்றுக்குக் கொடுக்க வேண்டிய விலை இன்னும் அதிகம்.

நம்பாதவர்கள் ஸ்வீடன் வரை போய் வரலாம். (விமானத்தில் போக வேண்டாம், அந்த ஊரில் சிலருக்குப் பிடிக்காது!)

விமானத்தில் போவதற்கு வெட்கப்படுவது என்ற பொருளில் 'ஃபிளைக்ஸ்காம்' என்று ஒரு வார்த்தை புழக்கத்துக்கு வந்ததே அங்கேதான். 2018 ஏப்ரலில் ஸ்வீடன் அரசு விமானப் பயணிகள் மேல் தலைக்கு 60 முதல் 400 குரோனா வரை வரி போட்டது. அதே வருடம் ஆகஸ்டில் கிரேட்டா துன்பெர்க் பள்ளிக்கூடம் போகாமல் நாடாளுமன்ற வாசலில் உட்கார்ந்தார். 2019-ல் அட்லாண்டிக் கடலையே பாய்மரப் படகில் கடந்து நியூயார்க் போனார். உள்நாட்டு விமானங்களில் கூட்டம் குறைந்தது, ரயிலில் கூடியது. பத்திரிகைகள் எல்லாம் விமான யுகத்தின் முடிவு என்று எழுதித் தள்ளின.

அந்த ஊரின் பெரிய விமான நிறுவனம் எஸ்.ஏ.எஸ். ஸ்வீடன், டென்மார்க், நார்வே மூன்று நாடுகளும் சேர்ந்து 1946-ல் தொடங்கியது. 2018-ல் நார்வே தன் பங்கை விற்றுவிட்டு வெளியேறியது. ஸ்வீடனும் டென்மார்க்கும் தலா ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருந்தன. மிச்சத்தை வைத்திருந்தவர்களில் சாதாரண ஜனங்கள் ஏராளம். "அரசாங்கமே பங்கு வைத்திருக்கிறது, இதற்கு என்ன ஆகிவிடப் போகிறது" என்ற நம்பிக்கைதான். எல்.ஐ.சி. பாலிசி எடுக்கிறவர்களின் அதே மனநிலை.

கொரோனா வந்தது, கடன் ஏறியது. 2022-ல் ரஷ்ய வான்வெளி மூடியதும் ஆசிய வழித்தடங்கள் நீண்டு செலவு கூடியது. அதே வருட ஜூலையில் விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கிய கையோடு எஸ்.ஏ.எஸ். நியூயார்க் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டு மனு போட்டது. இனிமேல் பணம் போட மாட்டோம் என்று ஸ்வீடன் அரசு அதற்கு முன்பே சொல்லியிருந்தது. இரண்டு வருடம் இழுத்து, 2024 ஆகஸ்டில் புதிய முதலாளிகள் கைக்கு நிறுவனம் போனது. அமெரிக்க முதலீட்டு நிறுவனமான காசில்லேக், ஏர் பிரான்ஸ் கேஎல்எம், புதிதாகப் பணம் போட்ட டென்மார்க் அரசு என்று ஒரு கூட்டணி. பழைய பங்குகள் சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றை வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது பூஜ்ஜியம். சல்லிக் காசு கிடையாது.

எஸ்.ஏ.எஸ். விமானங்கள்? இத்தனைக்கும் நடுவில் பறந்துகொண்டுதான் இருந்தன. பெயர் அதே, வால் பகுதியில் நிறம் அதே, விமானப் பணிப்பெண்கள் அதே. வாங்கிப் போட்டுவிட்டு மறந்தவர்கள் மட்டும் அதில் இல்லை.

நியாயமாகப் பேசினால் எஸ்.ஏ.எஸ்-ஐச் சாய்த்தது சுற்றுச்சூழல் வரி கிடையாது. கொரோனாவும் கடனும் போரும்தான். சரி, அப்படியென்றால் இந்தக் கதை இங்கே எதற்கு? அடி விழுந்தால் தாங்குகிற சதை இந்தத் தொழிலின் உடம்பில் இல்லை என்பதற்குத்தான். கொரோனா சொல்லாமல் வந்த அடி. போரும் அப்படியே. சுற்றுச்சூழல் செலவு என்பது தேதி குறித்து, அளவு எழுதி, முன்கூட்டியே அச்சடித்துக் கொடுக்கப்பட்ட அடி. அதையே கணக்கில் எடுக்காமல் 'நீண்டகால முதலீடு' என்று விற்கிறார்கள்!

சதை எவ்வளவு மெலிசு என்பதை விமான நிறுவனங்களின் சொந்தச் சங்கமான ஐயாட்டாவே சொல்கிறது. 2025 டிசம்பரில் அது வெளியிட்ட கணிப்பில், 2026-ல் ஒரு பயணிக்கு நிகர லாபம் 7.90 டாலர். நூறு ரூபாய் வருமானத்தில் நாலு ரூபாய்கூட முழுசாக நிற்காது. இதுவும் நல்ல காலத்துக் கணக்கு. 2020-ல் இந்தத் தொழில் மொத்தமாக இழந்தது 13,000 கோடி டாலருக்கும் மேல். அதே ஐயாட்டா இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறது. இந்தத் தொழிலில் போட்ட மூலதனத்துக்குக் கிடைக்கும் வருவாய் 7 சதவீதத்துக்குள், அந்த மூலதனத்தைத் திரட்ட ஆகும் செலவு 8 சதவீதத்துக்கு மேல். எட்டு வட்டிக்கு வாங்கி ஏழு வட்டிக்குக் கடன் கொடுப்பவனை ஊரில் என்னவென்று சொல்வார்கள்? விமானம் செய்பவன், எஞ்சின் செய்பவன், விமான நிலையம் நடத்துபவன், விமானத்தை வாடகைக்கு விடுபவன் என்று சுற்றியிருக்கிற எல்லாரும் தின்ற பிறகு பாத்திரத்தில் ஒட்டியிருப்பதுதான் விமான நிறுவனத்தின் பங்குதாரருக்கு.

இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் எரிபொருள் சட்டத்துக்கு வரலாம். 2023-ல் நிறைவேறியது. ஒன்றியத்து விமான நிலையங்களில் விற்கப்படும் எரிபொருளில் குறிப்பிட்ட அளவு, பெட்ரோலியத்திலிருந்து எடுக்காத மாற்று எரிபொருளாக இருக்க வேண்டும். 2025-ல் 2 சதவீதம், 2030-ல் 6, 2035-ல் 20, 2040-ல் 34, 2045-ல் 42, 2050-ல் 70. எரிபொருள் விற்பவர் கலக்கத் தவறினால் அபராதம் கட்ட வேண்டும், அதோடு குறைந்த அளவை அடுத்த வருடம் சேர்த்தும் கொடுக்க வேண்டும். அதாவது அபராதம் கட்டிவிட்டுத் தப்பிக்க வழியில்லை. விற்பவர் அந்தச் செலவை யார் தலையில் கட்டுவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மாற்று எரிபொருளின் விலை 2024-ல் ஐரோப்பாவில் சாதாரண விமான எரிபொருளைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் மொத்தச் செலவு நூறு ரூபாய் என்றால் அதில் எரிபொருள் சுமார் 26 ரூபாய். மூன்று மடங்கு விலையில் 6 சதவீதம் கலந்தால் எரிபொருள் செலவு 12 சதவீதம் ஏறும். அதாவது மூன்று ரூபாய் சொச்சம். கையில் நிற்கிற லாபமே நாலு ரூபாய்க்குள் என்பதை மறந்துவிட வேண்டாம். 2035-ல் அந்தக் கூடுதல் பத்து ரூபாய். 2040-ல் பதினேழு ரூபாய்க்கு மேல். 2050-ல் முப்பத்தாறு ரூபாய்! விலை வித்தியாசம் இதே மாதிரி இருந்தால் என்பது ஒரு 'ஆனால்' தான். விலை குறையலாம். ஆனால் குறையும் என்று உறுதியாகச் சொல்கிறவர்கள், ராட்டர்டாமில் ஷெல் கட்டிக்கொண்டிருந்த பெரிய உயிரி எரிபொருள் ஆலையை 2024-ல் நிறுத்தி வைத்து 2025-ல் ஒரேயடியாகக் கைவிட்டது ஏன் என்றும் சொல்ல வேண்டும்.

இன்றைக்கு இந்த மாற்று எரிபொருளில் பெரும்பகுதி எதிலிருந்து வருகிறது தெரியுமா? பயன்படுத்திய சமையல் எண்ணெயும் கழிவுக் கொழுப்பும்தான். ஆமாம், பஜ்ஜி சுட்ட எண்ணெய். உலகத்தில் உள்ள அத்தனை டீக்கடைகளும் ராத்திரி பகலாக பஜ்ஜி போட்டாலும் உலக விமானங்களுக்கு ஆகாது. 2024-ல் உலகம் முழுக்க உற்பத்தியானது சுமார் 10 லட்சம் டன், மொத்த விமான எரிபொருளில் 0.3 சதவீதம். அதனால்தான் காற்றிலிருந்து கார்பனையும் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனையும் எடுத்து மின்சாரத்தால் செய்கிற செயற்கை எரிபொருளுக்கும் சட்டத்தில் தனி ஒதுக்கீடு வைத்திருக்கிறார்கள். 2050-ல் அது மட்டுமே 35 சதவீதம். அதன் விலை மூன்று மடங்கு அல்ல, இப்போதைக்கு ஏறத்தாழ பத்து மடங்கு என்று மதிப்பிடுகிறார்கள்.

"செலவு ஏறினால் டிக்கெட் விலையை ஏற்றிவிட்டுப் போகிறார்கள்" என்பது அடுத்து வரும் பதில். லுஃப்தான்சா அதைத்தான் செய்தது. 2025 ஜனவரி முதல் ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் பயணங்களுக்கு 1 யூரோ முதல் 72 யூரோ வரை 'சுற்றுச்சூழல் கட்டணம்' என்று தனியாக வாங்குகிறது. எல்லாருக்கும் ஒரே செலவு ஏறினால் விலையை ஏற்றலாம், தப்பில்லை. சிக்கல், எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏறவில்லை என்பதுதான்.

பிராங்பர்ட்டிலிருந்து சென்னைக்கு வருகிற ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். லுஃப்தான்சாவில் நேராக வந்தால் ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், அவ்வளவு தூரத்துக்கும் பிராங்பர்ட்டில் நிரப்பிய எரிபொருள்தான், சட்டப்படி கலந்தது. எமிரேட்ஸில் துபாய் வழியாக வந்தால் ஐரோப்பிய எரிபொருள் துபாய் வரைதான், ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் கீழே. துபாயிலிருந்து சென்னைக்கு சாதாரண எரிபொருள். 2 சதவீதத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 34 சதவீதத்தில் தெரியும். டிக்கெட் தேடுகிற இணையதளத்தில் நூறு யூரோ குறைவாக இருந்தால் மனிதர்கள் எதை அழுத்துவார்கள்? அப்போது லுஃப்தான்சாவுக்கு இரண்டே வழி. விலையை ஏற்றிப் பயணியை இழப்பது, அல்லது ஏற்றாமல் லாபத்தை இழப்பது. இரண்டிலும் கட்டணம் கட்டுவது பங்குதாரர்.

கார்பன் அனுமதிச் சீட்டுக் கதையும் இதே மாதிரிதான். 2012 ஜனவரியில் ஐரோப்பா தன் மண்ணில் இறங்குகிற, ஏறுகிற எல்லா விமானங்களும் கார்பன் சீட்டு வாங்க வேண்டும் என்றது. சீனா கொதித்தது, இந்தியா தன் நிறுவனங்களைக் கணக்கே கொடுக்காதே என்றது, அமெரிக்கா அதற்கு எதிராகத் தனிச் சட்டமே போட்டது. அந்த வருடம் முடிவதற்குள் ஐரோப்பா பின்வாங்கி, ஐரோப்பாவுக்குள் பறக்கும் விமானங்களுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டது. பெரும்பகுதிச் சீட்டுகளை இலவசமாகவும் கொடுத்தது. 2024-ல் அந்த இலவசத்தில் கால்வாசியை வெட்டினார்கள், 2025-ல் பாதியை, 2026 முதல் முழுவதையும். வெளியூர்க்காரன் சண்டை போட்டுத் தப்பித்தான், உள்ளூர்க்காரன் காசு கொடுக்கிறான்.

இங்கேதான் கெட்டிக்காரர்கள் குறுக்கே வருவார்கள். "பார்த்தீங்களா, அரசாங்கமே பின்வாங்குது! அப்போ பயமில்லைதானே?" உண்மைதான், பின்வாங்கல்கள் நிறைய. பிரான்ஸ் 2023 மே மாதம் குறுகிய தூர விமானங்களைத் தடை செய்ததாக உலகமே பேசியது. கடைசியில் அது பாரீஸ் ஓர்லியிலிருந்து நாந்த், லியோன், போர்தோ என்று மூன்றே மூன்று வழித்தடங்கள். அதையும் ஏர் பிரான்ஸ் 2020-லேயே நிறுத்தியிருந்தது. நெதர்லாந்து ஸ்கிபோல் விமான நிலையத்தில் விமானங்களின் எண்ணிக்கையைக் குறைக்கப் போவதாக 2022-ல் அறிவித்து, அமெரிக்காவும் ஐரோப்பிய ஆணையமும் கண்ணை உருட்டியதும் 2023 நவம்பரில் திட்டத்தை ஓரம் கட்டியது. ஸ்வீடனோ 2025 ஜூலை 1 முதல் அந்தப் பயணி வரியையே ஒழித்துவிட்டது. பறப்பதற்கு வெட்கப்பட்ட அதே ஊர்தான்.

வரி ஒழிந்தால் லாபம் யாருக்கு? ஸ்வீடனில் வரி போகிறது என்று தெரிந்தவுடன் ரயன்ஏர் அங்கே கூடுதல் விமானங்களையும் புது வழித்தடங்களையும் அறிவித்தது. கூடுதல் விமானம் என்றால் கூடுதல் சீட்டு, கூடுதல் போட்டி, குறைந்த டிக்கெட் விலை. வரியில் மிச்சமானது பயணியின் பைக்குப் போகிறது. இந்தத் தொழிலில் செலவு ஏறினால் பங்குதாரர் தலையில், குறைந்தால் பயணி கையில். எந்தப் பக்கம் காசைச் சுண்டினாலும் தோற்கிற ஆட்டம் இது.

ஆபத்து வந்தால் அரசு காப்பாற்றும் என்பார்கள். காப்பாற்றும், நிறுவனத்தை. 2020-ல் ஜெர்மனி லுஃப்தான்சாவுக்கு 900 கோடி யூரோ உதவித் திட்டம் போட்டது. அதில் 30 கோடி யூரோவுக்கு 20 சதவீதப் பங்கை அரசு எடுத்துக்கொண்டது. உதவி இருக்கும் வரை பங்குதாரருக்கு ஈவுத்தொகை கிடையாது என்றது. 2022-ல் அந்தப் பங்கை விற்று 76 கோடி யூரோ லாபம் பார்த்தது. பழைய பங்குதாரரின் பங்கு அளவு இடையில் நீர்த்துப் போனது. பிரான்ஸ் அரசோ ஏர் பிரான்ஸுக்கு 700 கோடி யூரோ கடன் ஏற்பாடு செய்தபோது உள்நாட்டு விமானங்களின் கார்பன் உமிழ்வைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. மேலே சொன்ன மூன்று வழித்தடங்களும் போனது அப்படித்தான். அடுத்த நெருக்கடியில் அரசு கதவைத் தட்டும்போது நிபந்தனைப் பட்டியல் இன்னும் நீளமாக இருக்கும்.

இண்டிகோவைக் காட்டாமல் இந்த விவாதம் முடியாது. 2015 நவம்பரில் 765 ரூபாய்க்கு வெளியான பங்கு பத்து வருடத்தில் ஐந்து மடங்கைத் தாண்டியது. மறுக்க முடியாது. ஆனால் அதே சந்தையில் கிங்பிஷர் வாங்கியவருக்கும் ஜெட் ஏர்வேஸ் வாங்கியவருக்கும் என்ன மிஞ்சியது? 2012-ல் ஒன்று நின்றது, 2019-ல் இன்னொன்று. ஜெட்டைக் கலைக்க 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டது. மூன்றையும் வாங்கும்போது சொல்லப்பட்ட காரணம் ஒன்றே ஒன்றுதான், "இந்தியாவுல எல்லாரும் பறக்கப் போறாங்க". பறந்தார்கள், அதில் பொய்யில்லை. வாரன் பஃபெட்டே 1989-ல் யுஎஸ்ஏர் பங்கில் கையைச் சுட்டுக்கொண்டு, பல வருடம் தன்னையே கிண்டலடித்துவிட்டு, 2016-ல் மறுபடி நான்கு அமெரிக்க நிறுவனங்களை வாங்கி, 2020-ல் நஷ்டத்தில் விற்றுவிட்டு வெளியே வந்தார். அவராவது தினமும் கணக்கைப் பார்க்கிறவர்.

இந்தியாவில் இதுவரை சுற்றுச்சூழல் சட்டத்தின் சூடு அவ்வளவாக இல்லை. விமான எரிபொருள் மேல் மாநிலங்கள் போடும் மதிப்புக் கூட்டு வரி உண்டு, அது கஜானாவுக்காக. ஆனால் 2027-லிருந்து சர்வதேச விமானங்களின் கார்பனை ஈடுகட்டும் உலகளாவிய ஏற்பாட்டில் இந்தியாவும் கட்டாயமாகச் சேர்கிறது. அதே வருடம் சர்வதேச விமானங்களுக்கு 1 சதவீத மாற்று எரிபொருள், 2028-ல் 2, 2030-ல் 5 என்று மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. ஐரோப்பா முன்னால் நடந்த அதே பாதை. ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானம், இண்டிகோ அதே வருட ஜூனில் 500 விமானம் என்று ஆர்டர் கொடுத்தன. கைத்தட்டினார்கள். ஒரு விமானம் இருபது, இருபத்தைந்து வருடம் உழைக்கிற பொருள். 2026-ல் வந்து இறங்குகிற விமானத்துக்கு 2040-ல் வயது பதினாலு, நடு வயது. 2050-லும் அது எங்கேயாவது பறந்துகொண்டிருக்கலாம். அதை வாங்குகிற கடனுக்கும் வாடகைக்கும் கையெழுத்து இன்றைக்கு, அது குடிக்கப் போகிற எரிபொருளின் விலை யாருக்கும் தெரியாத நாளைக்கு.

இதை முதலீட்டாளர் கூட்டத்தில் கேட்க வேண்டியவர்கள் கேட்பதில்லை. 2035-க்குத் தேவையான மாற்று எரிபொருளை யாரிடம், என்ன விலைக்கு, எத்தனை டன் ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி போதும். பதிலுக்கு ஆண்டறிக்கையில் பச்சை இலை போட்ட விமானப் படம் வரும். 2050-க்குள் நிகர பூஜ்ஜியம் என்று வரும். 2021 அக்டோபரில் பாஸ்டனில் கூடி ஐயாட்டா எடுத்த தீர்மானம் அது. அந்த இலக்கில் 65 சதவீதம் மாற்று எரிபொருளால் மட்டுமே வர வேண்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த எரிபொருள்தான் 2024-ல் 0.3 சதவீதம். விளம்பரங்களில் இந்தப் பச்சையை அளவுக்கு மீறிப் பூசியதாக கேஎல்எம் நிறுவனத்துக்கு எதிராக ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பே சொன்னது. ஹைட்ரஜன் விமானம் 2035-ல் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த ஏர்பஸ் 2025-ல் தேதியைத் தள்ளிப் போட்டது.

வெளிப்படையாகப் பேசியது ஒரு நிறுவனம்தான். ஏர் நியூசிலாந்து 2024 ஜூலையில் தன் 2030 கார்பன் இலக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. புது விமானங்கள் நேரத்துக்குக் கிடைக்கவில்லை, மாற்று எரிபொருள் கட்டுப்படியான விலையில் கிடைக்கவில்லை என்று காரணத்தையும் சொன்னது. இலக்கு போய்விட்டது. ஐரோப்பியச் சட்டத்தில் எழுதியிருக்கிற 6, 20, 34, 42, 70 எதுவும் போகவில்லை.